ஆயிரத்துக்கு நாலு

மருந்து ஆலை, ஸ்டோர் பிரிவு
மார்ச் 3

மதிப்பிற்குரிய தராசுப் பரிசோதகர் ஐயாவுக்கு,

வணக்கம். தலைமை அலுவலக உத்தரவுப்படி உங்கள் பட்டறையில் வாங்கி, அங்கேயே சோதிக்கப்பட்டு, உங்கள் கையெழுத்தும் ஈய முத்திரையும் பெற்ற ஐம்பது கிலோ மேடைத் தராசு பிப்ரவரி ஆறாம் தேதி எங்கள் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. இங்கேயே வாங்கிய பழைய தராசில் எதுவும் குறைந்ததில்லை; புதியது வந்த நாளிலிருந்து எங்களுக்கு வரும் வலிநிவாரணத் தூள் டிரம்கள் எல்லாமே எடை குறைவாக இருக்கின்றன. டிரம்மோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ என்று மேலே ஒட்டியிருக்கிறது. உங்கள் தராசு 24.90 என்று காட்டுகிறது. இதுவரை பதினான்கு டிரம் வந்திருக்கிறது. ஆக மொத்தம் ஒரு கிலோ நானூறு கிராம் காணவில்லை.

இது கண்டபடி கடையில் விற்கிற தூள் அல்ல. அதிகம் தின்றால் மயக்கம், அதற்கும் மேல் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் தனி அறையில் பூட்டி வைக்கிறோம். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அந்த அறையின் பொறுப்பு என்னுடையது. சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 27 அன்று இது பற்றி விசாரணை நடக்க இருக்கிறது. தராசில் ஏதேனும் பழுது இருக்க வாய்ப்புண்டா என்பதைப் பார்த்து எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டோர் பொறுப்பாளர்

பி.கு. (ஆபீஸ் நகல் எடுத்த பிறகு பேனாவால் எழுதுவது.) மூன்று வருஷம் கழித்து எழுதுகிற முதல் கடிதத்தில் கட்டின புருஷனை ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். தவிர, இதெல்லாம் எழுத்தில் இருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு. சாவி என் இடுப்பில், பழி என் தலையில். தயவுசெய்து பார்த்து எழுதுங்கள்.


தராசுப் பட்டறை
மார்ச் 7

மதிப்பிற்குரிய ஸ்டோர் பொறுப்பாளர் அம்மையாருக்கு,

சிரிக்கவில்லை. சத்தியமாக. ‘ஐயா’வைப் படித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். பக்கத்து மேஜைக்காரர், “யாரு லெட்டரு? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே?” என்றார். “கஸ்டமர்” என்றேன். பொய் இல்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். தராசில் பழுது கிடையாது. ஐந்து கிலோ, பத்து கிலோ, இருபது கிலோ என்று முத்திரைக் கல் வைத்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை சோதித்திருக்கிறேன். என் சோதனைக் குறிப்பை இப்போதும் எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். என் கையெழுத்து விழுந்த தராசு இதுவரை திரும்பி வந்ததில்லை. நீ வேறு எங்கேயாவது தேடு. தூள் அனுப்புகிறவன் குறைத்து அனுப்பலாம். லாரியில் கைவரிசை நடந்திருக்கலாம். உன் அறைக்கு இரண்டாவது சாவி யாரிடமாவது இருக்கலாம். நீதான் ஊரில் எல்லாரையும் நம்புகிறவள் ஆயிற்றே.

உனக்கு உதவியாக இருக்கட்டும் என்று உங்கள் மேலாளருக்கும் தனியாக ஒரு உறுதிக் கடிதம் போட்டிருக்கிறேன். தராசு சரியாக இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பு என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பிவிட்டேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குள் பத்து நிமிஷம் ஆகிறது. சமையல் பரவாயில்லை. போன மாதம் ஒரு பாத்திரம்தான் கருகியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தராசுப் பரிசோதகர்


ஸ்டோர்
மார்ச் 11

சரிக்காரருக்கு,

உங்களுக்கு நான் வைத்த இந்தப் பெயரை மூன்று வருஷமாக வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள். எதைச் சொன்னாலும் “நான் சொன்னது சரி” என்று முடிக்கிற ஆள் கொஞ்சமும் மாறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

உதவினீர்கள், ரொம்ப நன்றாக உதவினீர்கள்! உங்கள் உறுதிக் கடிதத்தை மேலாளர் என் மேஜையில் விரித்து வைத்து, அதன் மேல் விரலால் தட்டினார். “தராசு சரின்னு சோதிச்சவரே எழுதிக் குடுத்துட்டாரும்மா. இப்ப என்ன சொல்றீங்க?” இங்கேயும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கிலோ கல்லை எடுத்து வந்து எல்லாருக்கும் முன்னால் தராசில் வைத்தார்கள். 1.00 என்று காட்டியது. “ஆக, தராசு சரி, தூள் குறையுது, சாவி உங்ககிட்ட” என்றார். விரல் விட்டு எண்ணுகிற மாதிரி மூன்று வார்த்தை.

அன்றிலிருந்து சாயங்காலம் வாசலில் என் பையை மட்டும் திறந்து பார்க்கிறார்கள். மதியம் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிற இரண்டு பேர் இப்போது “வேலை இருக்கு, அப்புறம் வர்றேன்” என்கிறார்கள். பதினெட்டு வருஷம் வெவ்வேறு ஸ்டோரில் வேலை பார்த்தவள். ஒரு குண்டூசி என் கையோடு வெளியே போனதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

நேற்று முழுக்க அழுதேன். இன்று காலை பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இதைக் கவனமாகப் படியுங்கள். இருபத்தைந்து கிலோ டிரம் ஒவ்வொன்றிலும் குறைவது நூறு கிராம். தொண்ணூறும் இல்லை, நூற்றுப்பத்தும் இல்லை. பத்து கிலோ டின்கள் நாலு வந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பது கிராம். ஆயிரத்துக்கு நாலு வீதம், எல்லாவற்றிலும். திருடுகிறவள் கைக்கு வந்ததை அள்ளுவாளா, இல்லை பெரிய டிரம்முக்கு இவ்வளவு, சின்ன டின்னுக்கு இவ்வளவு என்று வீதம் போட்டு எடுப்பாளா? அந்த ஒரு கிலோ கல்லுக்கும் நாலு கிராம் குறைந்துதான் இருக்கும். உங்கள் தராசு பத்துப் பத்து கிராமாகத்தான் காட்டும். அதனால் நாலு கிராம் கண்ணில் படவில்லை.

சரியா தப்பா என்று உங்களிடம் வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. 27ஆம் தேதி இவர்கள் முடிவெடுத்தால் வேலை போகும், அடுத்து போலீஸ் வரும். அப்புறம் எந்த ஸ்டோரிலும் என்னைப் படியேற்ற மாட்டார்கள். ஒரே ஒரு தடவை, உங்கள் கையெழுத்தை மறந்துவிட்டு, தராசை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

ஸ்டோர்க்காரி


பட்டறை
மார்ச் 15

சண்டைக்காரிக்கு,

தப்பு என்னுடையது.

இதை முதல் வரியாக எழுதிவிட்டேன். கீழே போட்டிருந்தால் அதற்குள் ஏதாவது சாக்கு எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

உன் ‘ஆயிரத்துக்கு நாலு’ என்ற வார்த்தையைப் படித்ததும் சேரிலிருந்து எழுந்துவிட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பூமி தன்னைத் தானே சுற்றுகிறது அல்லவா? நீ இருக்கிற ஊர் ஏறக்குறைய பூமியின் நடு வயிற்றில் இருக்கிறது. நான் இருக்கிற ஊர் மேலே, துருவத்தை நோக்கி ரொம்ப தூரத்தில். நடுவில் இருப்பது பெரிய வட்டம் போட்டு வேகமாகச் சுற்றும். மேலே இருப்பது சின்ன வட்டத்தில் மெதுவாகச் சுற்றும். வேகமாகச் சுற்றுகிற இடத்தில் எந்தப் பொருளும் தராசைக் கொஞ்சம் குறைவாக அழுத்தும். தூள் அப்படியே இருக்கிறது, ஒரு துளி போகவில்லை. அழுத்தம்தான் குறைகிறது. எங்கள் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்கு நாலு.

அதனால் இந்த வகைத் தராசுக்குள் எந்த ஊரில் வைக்கப்போகிறார்களோ அந்த ஊருக்கான எண்ணைப் பதிய வேண்டும். புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. எங்கள் தராசெல்லாம் சுற்று வட்டாரத்துக்குத்தான் போகும், அதனால் எப்போதும் ஒரே எண்தான். உன்னுடையது அவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து எண்ணை மாற்றியிருக்க வேண்டும். விட்டுப்போய்விட்டது.

நான் இங்கே முத்திரைக் கல் வைத்துச் சோதித்தபோது தராசு சரியாகத்தான் காட்டியது. இங்கே அது சரி. அங்கே தப்பு. உன் பழைய தராசு உன் ஊரிலேயே வாங்கிச் சரிசெய்தது. அதனால்தான் அது இருந்தவரை குறையவில்லை.

நேற்றே உங்கள் மேலாளருக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டேன். முந்தைய சான்று செல்லாது, தவறு என்னுடையது, உங்கள் ஊர் அரசு எடையளவு அலுவலகத்திலிருந்து இருபது கிலோ கல்லும் ஐந்து கிலோ கல்லும் வரவழைத்து இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள் என்று. என் கல்லையே அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். நான் அனுப்பினால் கல் மேலும் சந்தேகம் வரும். என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் நீ வெளியே வர வேண்டும்.

தூங்கு. சாப்பிடு.

சரிக்காரன் (இந்தத் தடவை இல்லை)


ஸ்டோர்
மார்ச் 19

உங்களுக்கு,

கடிதம் வந்தது. முதல் வரியைப் பார்த்துவிட்டு உறையைப் புரட்டி, அனுப்பியவர் பெயரைச் சரிபார்த்தேன். வேறு யாராவது எழுதியிருப்பார்களோ என்றுதான்.

ஆனால் இங்கே கதை வேறு மாதிரிப் போகிறது. உங்கள் இரண்டாவது கடிதத்தை மேலாளர் படித்தார், சிரித்தார், மடித்து என்னிடமே நீட்டினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏம்மா, ஸ்கூல் பையன்கிட்ட கேட்டாக்கூடச் சொல்லுவான். பூமி சுத்துறதாலதான் அது நம்மள இழுக்குது. சுத்தலைன்னா எல்லாரும் பறந்துருவோம். நம்ம ஊரு நடுவுல இருக்கு, இங்கதான் வேகமா சுத்துதுன்னு அவரே எழுதியிருக்காரு. அப்ப இங்க இழுப்பு ஜாஸ்தியால்ல இருக்கணும்? எடை கூடணும்ல? குறையுதுன்னா என்ன அர்த்தம்? தலைகீழா எழுதியிருக்காரு. உங்களைக் காப்பாத்தணும்னு யாரோ சொல்லி எழுதின மாதிரி இருக்கு.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றுவதால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. அவருடைய வாயை அடைக்க எனக்கு நாலு வரி வேண்டும். புத்தக பாஷை வேண்டாம். பஸ்ஸில் வருகிற ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எடையளவு அலுவலகத்தைக் கூப்பிட அவர் மனசு வைக்கவில்லை. நானே தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ‘விட்டுப்போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிற ஆள் நீங்கள். உங்களுக்கு எப்படி விட்டுப்போகும்? இந்த வார்த்தையை நான் முன்னாலும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த நியமனக் கடிதம் பிரிக்காத உறையோடு உங்கள் மேஜை டிராயரில் பதினோரு நாள் கிடந்தது. சேர வேண்டிய கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால் நானே தேடி எடுத்தேன். “சொல்ல விட்டுப்போச்சு” என்றீர்கள். அன்றைக்கு உங்கள் கண்ணைப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று அன்றிரவு முழுக்கக் கெஞ்சினேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். வேலை கிடைத்ததால் நான் போகவில்லை. நீங்கள் வாயைத் திறக்காததால் போனேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே அனுப்புகிறேன். மறக்காமல் நாலு வரி.

சண்டைக்காரி


பட்டறை
மார்ச் 22

சண்டைக்காரிக்கு,

முதலில் மேலாளருக்கான நாலு வரி. நாலு வரியில் எனக்கு அடங்காது, உனக்குத் தெரியும்.

பூமி நம்மை இழுப்பது அது சுற்றுவதால் அல்ல. அது அவ்வளவு பெரிய கனமான உருண்டையாக இருப்பதால். அத்தனை கல், மண், இரும்பு. கனம் இருக்கிற வரைக்கும் இழுப்பும் இருக்கும். சுற்றினாலும் இழுக்கும், சும்மா நின்றாலும் இழுக்கும். நாளைக் காலை பூமி சுற்றுவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள். மேலாளர் பறக்க மாட்டார். கொஞ்சம் கனத்துப்போவார்.

சுற்றுவது என்ன செய்கிறது என்றால், இழுப்புக்கு எதிர் வேலை செய்கிறது. பஸ் வளைவில் வேகமாகத் திரும்பும்போது மேலாளர் வெளிப்பக்கமாகச் சாய்வார். பக்கத்தில் இருப்பவர் மேல் விழுந்து “ஸாரி” என்பார். பூமி நாள் பூராவும் வளைவிலேயே போகிற பஸ். அதில் உட்கார்ந்திருக்கிற எல்லாமே, டிரம் உட்பட, வெளியே போகத்தான் பார்க்கும். பூமியின் இழுப்பு ரொம்பப் பெரிது, அதனால் போக முடியாது. ஆனால் இழுப்பில் ஒரு துளி அதற்கே செலவாகிவிடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் தராசு காட்டும். உங்கள் ஊர் பெரிய வட்டம் போடுவதால் அங்கே செலவு அதிகம். போதாக்குறைக்குச் சுற்றிச் சுற்றிப் பூமிக்கு இடுப்பு பெருத்துவிட்டது. நடுவில் இருக்கிற நீங்கள் பூமியின் மையத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறீர்கள். அதனாலும் இழுப்பு ஒரு துளி குறையும். பூமி இப்போது சுற்றுவதைப் போலப் பதினேழு மடங்கு வேகமாகச் சுற்றினால் உன் டிரம் தராசில் உட்காரவே உட்காராது. அப்போது மேலாளர் யாரைத் திருடி என்பாராம்?

விசாரணையில் ஒன்று செய். இரண்டு தட்டு உள்ள பழைய தராசு எங்கேயாவது கிடைத்தால் கொண்டு வா. ஒரு தட்டில் டிரம், இன்னொன்றில் அரசுக் கல். சமமாக நிற்கும். அங்கே இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும், அதனால் எந்த ஊரிலும் அது பொய் சொல்லாது. மேலாளருக்குப் பஸ் புரியாவிட்டாலும் இது கண்ணில் தெரியும்.

இப்போது நீ கேட்டது.

நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. ஜனவரியில் உங்கள் ஆர்டர் படிவம் என் மேஜைக்கு வந்தது. கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை மேல் நோக்கி இழுத்துவிடுவது உலகத்தில் ஒருத்திதான். அந்தக் கையெழுத்துக்கு மேலே ‘தராசு பயன்படும் ஊர்’ என்று ஒரு கட்டம். நீ அதை அழகாக நிரப்பியிருந்தாய். எனக்குத் தெரியும், மை தெரிந்தது. நான் படிக்கவில்லை. மூன்று வருஷமாக நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. தெரிந்தால் கிளம்பி வந்துவிடுவேன். வந்தால் நீ கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் படிவத்தின் கீழ்ப் பாதியை மடித்தேன். மடித்தபடியே கிளிப் போட்டேன். வழக்கமான எண்ணையே பதிந்து, முத்திரை வைத்து, அனுப்புகிற பிரிவுக்குக் கொடுத்துவிட்டேன். உன் முதல் கடிதத்தின் உறையில்தான் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ‘ஐயா’வைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் என் கையெழுத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டேன்.

ஆக, விட்டுப்போகவில்லை. மடித்தேன். இதையும் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைப் பற்றி எழுதவில்லை, படிவத்தை முழுதாகப் படிக்கவில்லை என்று மட்டும். என் முத்திரையை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். அதற்கு நீ வருத்தப்படாதே.

நியமனக் கடிதமும் விட்டுப்போகவில்லை. ஒளித்து வைத்தேன். பதினோரு நாளும் தினமும் டிராயரைத் திறந்து பார்த்தேன். இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுப்பேன், நீ சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டிருப்பாய், திரும்ப வைத்துவிடுவேன். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம், வேறொன்றும் இல்லை. உனக்கு வந்ததை உன்னிடமிருந்து மறைத்தது அயோக்கியத்தனம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று வருஷமும் ஒரு தராசும் தேவைப்பட்டிருக்கிறது. என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டால் அதுவும் சரிதான். நீ விசாரணையில் ஜெயித்தால் எனக்குப் போதும். ஒரு வரி மட்டும் போடு.

உன் வீட்டுக்காரன் (இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்)


வீடு
மார்ச் 28

அன்புள்ளவருக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். நான் ஒரு வரியோடு நிறுத்துகிற ஜாதியா? முதல் வரி இதுதான்: ஜெயித்துவிட்டேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா, எடையளவு அலுவலகத்திலிருந்து ஒருவர். அவர் இரண்டு கல்லையும் தள்ளுவண்டியில் வைத்து மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். நான் உங்கள் பஸ்ஸை எடுத்து விட்டேன். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தலைமை அலுவலக அம்மாவுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது, தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்: “முதல்ல சரின்னு எழுதிட்டு, அப்புறம் தப்பு என்மேலதான்னு தனக்கு எதிரா அவரே எழுதிக் குடுத்திருக்காரே. இப்படி யாரும் செய்ய மாட்டாங்களே. யார் இவரு? உங்களுக்குத் தெரியுமா?”

‘தராசுப் பரிசோதகர்’ என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் எனக்குக் குடும்பம் உண்டா என்று யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன். சொன்னால் கேஸ் கெட்டுப்போகும் என்றும் தெரியும். உங்கள் கடிதம் பையில் இருந்தது. நீங்கள் முத்திரையையே தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் மட்டும் மடித்து வைத்துப் பேசுவதா என்று தோன்றியது.

“என் வீட்டுக்காரர்” என்றேன்.

மேலாளர் நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. “பாத்தீங்களா மேடம்! நான் அப்பவே சொன்னேன்ல? புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஜோடிச்சிருக்காங்க!” தலைமை அலுவலக அம்மாவின் முகம் மாறிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். அவ்வளவுதான், நம் வாயாலேயே நம்மைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அப்போது அந்த எடையளவுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், கல்லுக்குப் புருஷன் பொண்டாட்டியெல்லாம் கிடையாது. இது சர்க்கார் கல்லு. இவ்வளவு தூரம் தள்ளிட்டு வந்திருக்கேன், வெச்சுப் பாத்துட்டுப் பேசுங்களேன்.”

இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்தார். 19.92. ஐந்தையும் சேர்த்து வைத்தார். 24.90. மேலாளர் குனிந்து கல்லின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், திரும்பக் கல்லைப் பார்த்தார். பேக்கிங் பிரிவிலிருந்து இரண்டு தட்டுத் தராசைக் கொண்டு வந்தோம். ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் டிரம். முள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நடுவில் நின்றது. ஒரு டிரம் போதாது என்று மேலாளர் பிடிவாதம் பிடிக்க, மிச்சமிருந்த எட்டு டிரம்மையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினோம். எட்டும் நடுவில் நின்றன. என் முதுகு இன்னும் வலிக்கிறது, ஆனால் சுகமான வலி. பயன்படுத்தி முடித்த ஐந்துக்கும் அதே நூறு கிராம்தான் என்று பதிவேட்டைப் பார்த்து அந்த அம்மாவே எழுதிக்கொண்டார்.

என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுத்து மூலம் கொடுத்துவிட்டார்கள். நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்கள். மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. மதியம் என் மேஜைக்கு டீ அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு குடித்தேன். சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து, “ஏம்மா, அப்ப பூமி நின்னா நாம பறக்கவே மாட்டோமா?” என்றார். “கனப்போம் சார்” என்றேன். வயிற்றைத் தடவிக்கொண்டே போனார். மேஜை மாறிச் சாப்பிட்ட இரண்டு பேரும் இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம் தாங்கவில்லை, பேசிவிட்டேன்.

இனி அந்தப் பதினோரு நாள். அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை அதைவிட அதிகமாக வந்தது. நான் பாடுவது கேட்டுத் திரும்ப வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படிக்கும்போது அழுதுவிட்டேன். பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதை எழுதித் தீர்க்க முடியாது, நேரில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கே இந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லியிருந்தால் நான் இந்த வேலைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பேன். அந்த நியமனக் கடிதத்தோடு குடும்பத்துக்கு வீடு தருவோம் என்று ஒரு தாளும் இருந்தது. நீங்கள் தினமும் டிராயரைத் திறந்தீர்களே, அதைப் பிரித்துப் பார்க்கவில்லையா?

நான் அங்கே திரும்பி வர மாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, நேற்றோடு இன்னும் பிடித்துவிட்டது. ஆனால் உங்களுக்கு மூன்று மாதம் முத்திரையும் இல்லை, வேலையும் இல்லை. அந்தக் குளிரில் பாத்திரத்தைக் கருக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள்? கிளம்பி வாருங்கள். கம்பளியெல்லாம் மூட்டை கட்ட வேண்டாம், இங்கே மின்விசிறி நின்றால் வேர்த்துக் கொட்டும். தராசில் எண்ணை மாற்றிப் புதிதாக முத்திரை வைக்க உங்கள் ஆபீஸ் வேறு ஆளை அனுப்புகிறது. நீங்கள் அதைத் தொடக்கூட வேண்டாம்.

எனக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும். அதற்கு முன்னால் வந்தால் ஆலை வாசலில் நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்பார்கள்.

சொல்லுங்கள்.

உங்கள் சண்டைக்காரி